நாலும் அஞ்சும்

நாலு வந்தது கஜாவுக்கு ஐந்து வருஷம் முந்தி,
விடாத அடைமழையில்.
அன்வர்தீனின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து
லுங்கிகளுக்குள் சுற்றிக்கொண்டு வந்தார்.
திருச்சி விமான நிலைய வாசலில் நாலு பேர்,
வாடகை ஆம்னி,
பெட்ரோல் யார் போடுவது என்று இன்னும் முடியாத பேச்சு.

மன்னார்குடி சேர மணி மூன்று.
பந்தலடியில் கடை ஷட்டரைப் பாதி இறக்கியும்
பெட்டியைக் கிழிக்க யாருக்கும் கை வரவில்லை.
ஜோயல் பிரிட்டோதான் பிளேடு எடுத்தான்.
செங்குட்டுவன் தெர்மோகோலை மோந்து பார்த்தான்.
வயர் சொருகி, பொத்தானைத் தொட்டு,
நீலமாய் ஒரு கோடு எழுந்த நொடியில்
கரண்ட் போனது.

அந்த வருஷம் அப்படித்தான்.
இன்னும் பார்க்காத ஒன்றைப் பற்றி
விடியும்வரை இருட்டில் பேசினோம்.

ஆளுக்கு ஏழாயிரம்.
ஐந்தாவது பங்கு குமுதவல்லியுடையது,
ஜாக்கெட் தைத்த கூலி,
பத்தும் ஐம்பதுமாக ரப்பர் பேண்டு போட்டு.
அவள் அண்ணன் கடைக்கு வருகிறவன் என்பதால்
நோட்டில் 'கு' என்று மட்டும் எழுதினோம்.
மறுநாள் பதினோரு மணிக்கு
புடவைக்கு ஃபால்ஸ் வாங்க வந்தவள் மாதிரி வந்து
முதல் ரேஸிலேயே நாலு பேரையும் முந்திவிட்டு
ஃபால்ஸ் வாங்கப் போனாள்.

அஞ்சு அப்படி வரவில்லை.
பகல் பன்னிரண்டுக்கு முன்பதிவு என்றார்கள்.
பன்னிரண்டுக்குத் தொட்டேன், சக்கரம் சுற்றியது,
பன்னிரண்டு ஒன்றுக்குத் தீர்ந்துவிட்டது.
வடத்தைத் தொடுவதற்குள் தேர்
நிலைக்கு வந்துவிட்டது.
இரண்டாம் முறை ஓடிபி வந்தது,
எதற்குக் கேட்டேன் என்பது மறந்த பிறகு.
மூன்றாம் முறை கிடைத்தது.
பின்கோடு ஒத்துக்கொள்ளவில்லை.
எங்கள் ஊருக்கு யூரியா வரும்,
அறுவடை மிஷின் லாரியேறி வரும்,
அஞ்சு வராதாம்.

தஞ்சாவூர் போய்க் கையெழுத்துப் போட்டு
மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நாற்பது நிமிஷம்.
"ஏர் கூலரா தம்பி?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.
ஆமாம் என்றேன்.

அன்வர் ஷார்ஜாவில்.
ஜோயலுக்கு ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட்.
செங்குட்டுவன் என்னோடு பேசுவதில்லை,
அது கரண்ட் பில் தகராறு.
குறுவை அறுத்த வயலிலேயே தாளடி நடுவதுபோல்
அதே மேஜையில்
நாலு இருந்த தூசிச் சதுரத்தில் வைத்தேன்.
கொள்ளவில்லை. ஒரு சாண் வெளியே நின்றது.
கரண்ட் போகவில்லை.

கவிதைக்காகப் பொய் சொல்லப் போவதில்லை:
அஞ்சு நல்லது.
புல் ஒவ்வொன்றும் தனியாய்த் தெரிகிறது.
நாலு ஓடினால் அரிசி ஆலை மாதிரி இரையும்,
இது மூச்சே விடுவதில்லை.
நாலில் ஒரு தடம் திறப்பதற்குள்
டீ சொல்லி, டீ வந்து, ஆடை படிந்துவிடும்.
இதில் தொட்டவுடன் சாலை.
மாதம் ஒரு தவணை, என் ஒருவன் பெயரில்.
நோட்டு தேவைப்படவில்லை.

போன மாசம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள் குமுதவல்லி:
"புதுசு வந்துட்டுதாமே.
அப்ப பழசைப் பாகம் பிரிக்கணும்ல?"

நோட்டைத் தேடி எடுத்தேன்.
'கு' மங்கியிருந்தது. ஏழாயிரம் மங்கவில்லை.
நாலில் அஞ்சில் ஒரு பங்கு:
எந்தத் திருகைக் கழற்றித் தருவது?

"கழற்ற வேணாம். முழுசாக் குடு.
மணிக்கு நாப்பதுன்னு நீங்க வாங்கின வாடகையில
எனக்கு ஒரு டீயாவது வந்துச்சா?"

வரவில்லை.
துணிக்கடைக் கட்டைப்பையில் வைத்தாள்.
இரண்டு கன்ட்ரோலரில்
இடது குமிழ் வழுக்கையானதை
பார்க்காமலே எடுத்தாள்.

இரவு பத்தரைக்கு ஒரு போட்டோ.
அவள் வீட்டு டிவியில் கறுப்புத் திரை,
மூலையில் சுற்றும் வட்டம்.
கீழே:
'டீ போட்டுட்டேன். இன்னும் வரல.'

அஞ்சை அணைத்துவிட்டு
எத்தனை சதவீதம் என்று கேட்டேன்.